பேட்டரி வண்டிக்கு விளக்கமைத்தலும் பழுது காணலும்

கோல்ஃப் என்னும் பந்தாட்டம் நம்மில் பெரும்பாலோர் ஆடியறியாதது. ஆயினும் அவ்வாட்டக்காரரைப் புல்வெளியில் ஏற்றிச் செல்வதற்கென்று தோன்றிய சிறு மின்வண்டி இன்று நமக்குப் புதியதன்று. பழனியில் கிரிவலப் பாதையில் அடியார்களை ஏற்றிச் செல்வது அதன் இனத்தைச் சேர்ந்ததே. மூணாற்றுக்கு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராசமலைப் பகுதியிலும் பார்வையாளருக்கென அத்தகைய வண்டிகள் வந்தன. பாலக்காட்டுச் சமவெளியிலும் இடுக்கி மலையிலும் விடுதிகள், பெரிய வளாகங்கள் ஆகியவற்றுள் இவ்வண்டி ஆளையும் ஏற்றுகிறது, சுமையையும் ஏற்றுகிறது. ‘பக்கி’ என்பர் சிலர். ‘பேட்டரி கார்’ என்பர் பலர். நான் இக்கட்டுரையில் பேட்டரி வண்டி என்றே குறிப்பிடுவேன்.

தோழர்களே, இவ்வண்டி பகலில் புல்வெளியில் ஓடப் பிறந்தது. ஆகவே பழைய வண்டிகள் பலவற்றில் விளக்கே இராது. அல்லது பெயரளவுக்கு இருக்கும். வாங்கியவர் பிறகு விளக்குப் பொருத்துகிறார். அப்படிப் பின்னால் பொருத்தப்படும் விளக்குகளே மிகுதியாகக் கெடுகின்றன. கெட்டால் என்ன என்று கேட்கலாம். தேவிகுளம் வட்டத்தில் பிறந்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். அங்கே மழைக்காலத்தில் பிற்பகலிலேயே மஞ்சு இறங்கிப் பத்தடிக்கு அப்பால் இருப்பது தெரியாமற் போகும். சின்னக்கானல் பகுதியில் மக்கள் ‘அரிக்கொம்பன்’ என்றழைத்த காட்டானையை 2023 ஆம் ஆண்டு ஏப்ரலில் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டு சென்றதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஓர் ஆனையைக் கொண்டு சென்றார்கள். மற்ற ஆனைகள் அங்கேதான் இருக்கின்றன. அவை நடமாடும் வழியில், அந்தி வேளையில், ஓசையின்றிச் செல்லும் வண்டிக்கு விளக்கு அணைந்துவிட்டால் அது சிறு குறையன்று.

நான் மின்பொறியியல் பயில்பவன். விடுமுறை நாட்களில் எங்கள் பகுதிப் பணிமனையொன்றில் இவ்வண்டிகளைப் பழுது பார்க்க உதவி வருகிறேன். அங்கே கற்றவற்றை இரண்டு விதிகளாகச் சுருக்கிவிடலாம். விளக்குக்கான மின்சாரத்தை முழு அடுக்கிலிருந்தும் எடு என்பது முதல் விதி. பழுதை ஊகிக்காதே, அளந்து காண் என்பது இரண்டாவது விதி. இவ்விரண்டையும் விளக்குவதே என் நோக்கம்.

வண்டியின் வயிற்றில் என்ன இருக்கிறது?

இருக்கையைத் தூக்கிப் பார்த்தால் வரிசையாகப் பேட்டரிகள் தெரியும். பெரும்பாலும் அவை ஈயமும் அமிலமும் கொண்டவை. புதிய வண்டிகளில் லித்தியம் பேட்டரிகளும் வருகின்றன. ஒன்றன் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு தடித்த கம்பியால் பிணைத்திருப்பார்கள். இதற்குத் தொடரிணைப்பு என்று பெயர். தொடரிணைப்பில் வோல்ட்டுகள் கூடும். ஆறு வோல்ட் பேட்டரி ஆறு இருந்தால் 36 வோல்ட்; எட்டு வோல்ட் பேட்டரி ஆறு இருந்தால் 48 வோல்ட்; பன்னிரண்டு வோல்ட் பேட்டரி நான்கு இருந்தாலும் 48 வோல்ட்தான். நன்றாக மின்னேற்றி ஓய்ந்திருக்கும் 48 வோல்ட் அடுக்கை அளந்தால் ஏறத்தாழ 51 வோல்ட் காட்டும். மின்னேற்றும்போது அது 58 வோல்ட்டையும் கடக்கலாம். இவ்வெண்களை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

கடையில் எளிதாகக் கிடைக்கும் விளக்குகளோ 12 வோல்ட்டுக்கு உரியவை. மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் செய்யப்படுபவை அவை. 48 எங்கே, 12 எங்கே? இந்த இடைவெளியை எவ்வாறு கடப்பது என்பதில்தான் நல்ல வேலையும் கெட்ட வேலையும் பிரிகின்றன.

குறுக்கு வழியின் கேடு

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி நான்கு உள்ள வண்டியில், அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டும் இரண்டு ஒயர்களை இழுத்து விளக்குக்குக் கொடுத்துவிடுவது பலர் கையாளும் வழி. விளக்கு எரியும், செலவும் இல்லை. பிறகென்ன கேடு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்குகள் 5 ஆம்பியர் எடுக்கின்றன என்க. நாள்தோறும் மூன்று மணி நேரம் எரிந்தால் அந்த ஒரு பேட்டரி மட்டும் மற்ற மூன்றையும்விட 15 ஆம்பியர்-மணி கூடுதலாக இழக்கிறது. இரவில் மின்னேற்றும்போது நான்கின் வழியாகவும் ஒரே மின்னோட்டமே செல்லும்; ஏனெனில் அவை தொடரிணைப்பில் உள்ளன. மின்னேற்றி நான்கின் மொத்த வோல்ட்டை மட்டுமே பார்த்து, ‘நிறைந்தது’ என்று நின்றுவிடும். மூன்று பேட்டரிகள் வயிறு முட்ட உண்டு அமிலத்தைக் கொதிக்க விட்டுக்கொண்டிருக்க, விளக்குக்கு உழைத்த நான்காவது அரைவயிற்றோடு எழுந்துவிடும். மறுநாளும் இவ்வாறே. அரைகுறையாக நிற்கும் ஈயப் பேட்டரியின் தகடுகளில் ஈயச் சல்பேட்டுப் படிந்து இறுகும். அதன் கொள்ளளவு நாளுக்கு நாள் குறையும். நான்கு மாடுகள் பூட்டிய ஏரில் ஒன்று நொண்டினால் மற்ற மூன்றும் அதன் நடைக்கே நடக்கவேண்டியதுதான். முடிவில், விளக்குக்காக மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், முழு அடுக்கையும் மாற்றும் பல்லாயிரம் ரூபாய்ச் செலவாக வந்து நிற்கும். இந்தச் செலவு பெரும்பாலும் வண்டியோட்டியின் தலையில் விழுவதையும் கண்டிருக்கிறேன். ‘நீ ஓட்டிய விதத்தால் பேட்டரி போயிற்று’ என்பார்கள்.

எட்டு வோல்ட் பேட்டரி ஆறு உள்ள வண்டியில் குறுக்கு வழி இன்னும் கோணலானது. ஒன்றிலிருந்து எடுத்தால் 8 வோல்ட், விளக்கு மினுக்கும். இரண்டிலிருந்து எடுத்தால் 16 வோல்ட். பன்னிரண்டு வோல்ட் பல்பு வெண்ணிறமாக எரிந்து விரைவில் மாண்டுபோகும்.

நேர்வழி

நேர்வழிக்கு ஒரு சிறு கருவி வேண்டும். 48 வோல்ட்டை உள்ளே வாங்கி 12 வோல்ட்டை வெளியே தருவது அது. கடையில் ‘கன்வெர்ட்டர்’ என்று கேட்டால் தருவார்கள். நாம் அழுத்தக் குறைப்பி எனலாம். அதன் உள்முனைகளை அடுக்கின் முதல் எதிர்முனையிலும் கடைசி நேர்முனையிலும் இணைக்கவேண்டும். அப்போது விளக்கின் சுமை எல்லாப் பேட்டரிக்கும் சமமாகப் பங்கிடப்படும். அதுமட்டுமன்று, அடுக்கின் வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் குறைப்பி 12 வோல்ட்டையே நிலையாகத் தரும், விளக்கும் ஒரே சீராக எரியும்.

எவ்வளவு பெரிய குறைப்பி வேண்டும்? இதோ ஒரு மாதிரிக் கணக்கு. எல்.ஈ.டி. முகப்பு விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 18 வாட்: 36. பின்விளக்கு இரண்டு, மூன்று வாட் வீதம்: 6. பிரேக் விளக்கு இரண்டு, ஐந்து வாட் வீதம்: 10. ஒரு பக்கத்து இண்டிகேட்டர் இரண்டு, நான்கு வாட் வீதம்: 8. ஆக மொத்தம் 60 வாட். இதை 12 ஆல் வகுக்க 5 ஆம்பியர். குறைப்பி எப்போதும் தன் முழு வலிமையில் உழைக்காதிருக்க இருமடங்கு எடுத்து, 10 ஆம்பியர் குறைப்பி வாங்குவது நலம். ஹாரனும் சேர்ப்பதானால் இன்னும் பெரிதாகக் கொள்ளுங்கள். அடுக்கிலிருந்து இதற்காகச் செல்வது எவ்வளவு? குறைப்பியின் திறன் நூற்றுக்குத் தொண்ணூறு எனக் கொண்டால், 60 வாட் தர 67 வாட் வேண்டும். 48 ஆல் வகுக்க 1.4 ஆம்பியரே. மோட்டார் மேடேறும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் அடுக்குக்கு இஃது ஒரு பொருட்டன்று.

ஃபியூஸ், ஒயர், திரும்பு வழி

ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்கன்று. ஒயர் தீப்பற்றாமற் காப்பதற்கு. ஆகவே அது பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில், ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும். முனைக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட ஒயருக்குக் காவல் இல்லை என்பதை மறவாதீர்கள். மேற்சொன்ன கணக்குக்கு 48 வோல்ட் பக்கத்தில் 5 ஆம்பியர் ஃபியூஸும், 12 வோல்ட் பக்கத்தில் 7.5 ஆம்பியர் ஃபியூஸும் போதும்.

இங்கே பலர் கவனியாத ஒன்றுண்டு. கார்களில் பயன்படும் தட்டை ஃபியூஸ்கள் பெரும்பாலும் 32 வோல்ட் வரைக்கும் உரியவை. 48 வோல்ட் பக்கத்தில் அதைப் போட்டால், உருகிய பிறகும் இரு முனைகளுக்கிடையே தீப்பொறி வில்லாய் வளைந்து நின்று மின்சாரத்தைத் தொடர்ந்து செலுத்தக்கூடும். காவலாளே கள்வனான கதைதான் அது. எனவே 58 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட நேர்மின்னோட்டத்துக்கென்று குறிக்கப்பட்ட ஃபியூஸையே அந்தப் பக்கத்தில் போடவேண்டும்.

அடுத்தது ஒயர். செப்பு ஒயருக்கும் தடை உண்டு. இருக்கைக்கு அடியிலிருந்து முகப்புவரை 4 மீட்டர். போக வர 8 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இவ்வளவு நீளத்துக்குத் தடை 0.09 ஓம். எல்.ஈ.டி. முகப்பு விளக்குகள் எடுக்கும் 3 ஆம்பியருக்கு இழப்பு 0.28 வோல்ட், பாதகமில்லை. அதே இடத்தில் 55 வாட் ஹாலோஜன் இரண்டைப் போட்டு, கையில் கிடைத்த 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயரைக் கட்டினால் இழப்பு 2 வோல்ட்டையும் தாண்டும். இழைவிளக்கில் வோல்ட் சிறிது குறைந்தாலும் ஒளி பன்மடங்கு குறையும். நூற்றுக்குப் பத்து வோல்ட் குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது குறையும். இரண்டு வோல்ட்டுக்கு மேல் இழந்தால் ஒளி பாதியாகிவிடும். ‘பல்பு சரியில்லை’ என்று பல்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒயரை நினைப்பதில்லை.

மூன்றாவது, திரும்பு வழி. காரில் இரும்புச் சட்டமே எதிர்முனை. ஒரு ஒயரை விளக்குக்குக் கொண்டுபோய் மற்றொரு முனையைச் சட்டத்தில் முடுக்கிவிடலாம். பேட்டரி வண்டிகளில் பெரும்பாலும் சட்டம் மின்சுற்றோடு சேர்ந்ததன்று. கார் வேலை பழகிய கை இங்கும் சட்டத்தில் முடுக்கும். விளக்கு எரியாது, அல்லது சட்டத்தில் வேண்டாத மின்னழுத்தம் ஏறி நிற்கும். ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு ஒயர்களைக் குறைப்பிவரை கொண்டுவாருங்கள்.

வேலை செய்யும் முறை

48 வோல்ட் தோலைத் தாக்குவது அரிதாயினும், அடுக்கின் வலிமையை எளிதாக எண்ணலாகாது. ஒரு ஸ்பானர் இரு முனைகளுக்குக் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, ஸ்பானர் பழுத்துச் சிவந்துவிடும். ஆகவே மோதிரம், கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். ஸ்பானரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். கண்ணாடி அணியுங்கள். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது வெடிக்கவல்லது. மின்னேற்றி முடிந்தபின் காற்றோட்டமான இடத்தில் வேலை தொடங்குக.

பிறகு வரிசையாகச் செய்க. சாவியை அணைத்து, ‘ரன்’, ‘டோ’ என்று இருநிலை உள்ள சுவிட்சு இருந்தால் ‘டோ’வில் வைக்கவும். அடுக்கின் முதன்மை எதிர்முனையை முதலில் கழற்றவும். குறைப்பியை மழைநீர் படாத, காற்றுப்படும் இடத்தில் இரும்புச் சட்டத்தில் முடுக்கவும். ஒயர்களைச் சட்டத்தின் ஓரமாகக் கொண்டுசென்று அரையடிக்கு ஒரு கட்டுப் போடவும். சக்கரமும் ஸ்டியரிங்கும் அசையும் இடங்களில் சிறிது தளர்ச்சி விடவும். இரும்புத் துளையில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடவும். முனைகளை முறுக்கி டேப் சுற்றுவது மலைநாட்டில் ஒரு மழைக்காலமும் தாங்காது. ‘லக்’ போட்டு அழுத்துக. அதன்மேல் சூட்டில் சுருங்கும் குழாயைப் போர்த்துக.

முகப்பு விளக்குக்கு ரிலே ஒன்று வைத்தால் சுவிட்சு நெடுநாள் உழைக்கும். பிரேக் மிதியின் கீழ் ஒரு சிறு சுவிட்சு வைத்துப் பிரேக் விளக்கை இணைக்கவும். குறைப்பியின் உள்முனையைச் சாவியின் வழியாகச் செல்லவிடவும். இல்லாவிடில் விளக்கு அணைந்திருக்கும்போதும் அது சிறிது மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். நாளொன்றுக்கு ஓர் ஆம்பியர்-மணி என்றாலும் இரண்டு மாதத்துக்கு அறுபதாகும். வரையாடுகள் குட்டியீனும் பருவத்தில் இரவிகுளம் பூங்கா பார்வையாளருக்கு மூடப்படுவதுபோல, வண்டிகள் வாரக்கணக்கில் சும்மா நிற்கும் காலங்கள் உண்டல்லவா?

எல்லாம் முடிந்தபின் எதிர்முனையை இறுதியாக இணைக்கவும். பிறகு விளக்கைத் திசை பார்த்து நிறுத்தவேண்டும். சமதரையில் சுவருக்கு 7.5 மீட்டர் தூரத்தில் வண்டியை நிறுத்துக. ஒளிவட்டத்தின் நடு, விளக்கின் உயரத்தைவிட ஏறக்குறைய நான்கு விரற்கடை தாழ்ந்திருக்கட்டும். பின் இருக்கையில் ஆளை ஏற்றிய பிறகே இதைச் செய்யவேண்டும். பின்பாரம் ஏறினால் முகம் நிமிர்ந்து ஒளி வானம் பார்க்கும்.

மஞ்சுக்கு மஞ்சள் விளக்கே மருந்து என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. மஞ்சின் நீர்த்துளி ஒளியலையின் நீளத்தைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகையால் எந்த நிறத்தையும் அது ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். நிறத்தைவிட உயரமே முதன்மை. விளக்கு தாழ இருந்து தரையை நோக்கி வீசினால் சிதறிய ஒளி கண்ணுக்குத் திரும்புவது குறையும். மஞ்சில் நாம் பார்ப்பதைவிட நம்மைப் பிறர் பார்ப்பது இன்றியமையாதது. ஆகவே பின்விளக்கை ஒருநாளும் புறக்கணிக்காதீர்கள். பொதுச்சாலையில் ஓட்ட எண்ணுவோர், 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வேண்டும் பதிவு முதலியவற்றையும் மனத்திற் கொள்க. விளக்குப் பொருத்தியதனால் மட்டும் எந்த வண்டியும் சாலைக்கு உரியதாகிவிடாது.

பழுது காணும் முறை

மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. நமக்கு நாடி பார்க்கும் கருவி மல்டிமீட்டர். அதன் கறுப்பு முள்ளை அடுக்கின் எதிர்முனையில் வைத்துக்கொண்டு, சிவப்பு முள்ளை மின்சாரம் செல்லும் வழியே ஒவ்வொரு நிலையமாக நகர்த்துங்கள்: அடுக்கின் நேர்முனை, ஃபியூஸின் இப்புறம், அப்புறம், குறைப்பியின் உள்முனை. அதைத் தாண்டியபின் கறுப்பு முள்ளைக் குறைப்பியின் 12 வோல்ட் எதிர்முனைக்கு மாற்றி, வெளிமுனை, சுவிட்சு, விளக்கு என்று தொடருங்கள். எந்த இரண்டு நிலையங்களுக்கிடையே வோல்ட் காணாமற் போகிறதோ அங்கேதான் பழுது.

எல்லா விளக்கும் அணைந்தால் பொதுவழியைப் பாருங்கள்: ஃபியூஸ், குறைப்பி, முதன்மைச் சுவிட்சு. ஒரு விளக்கு மட்டும் அணைந்தால் அவ்விளக்கையும் அதன் கறுப்பு ஒயரையும் பாருங்கள். ஃபியூஸ் மீண்டும் மீண்டும் உருகினால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். விளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்க்கும்போது உருகுகிறதோ அந்தக் கிளையில் ஒயர் தோலுரிந்து உராய்கிறது. எல்.ஈ.டி. இண்டிகேட்டர் மினுங்காமல் நின்றாலோ படபடவென்று துடித்தாலோ விளக்கில் குற்றமில்லை, பழைய பிளாஷர் இழைவிளக்கின் மின்னோட்டத்துக்கென்று செய்யப்பட்டது, எல்.ஈ.டி.க்குரிய மின்னணுப் பிளாஷரை மாற்றுக. பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் சிமிட்டினால் இணைப்பொன்று தளர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும்: சுமையோடு அளவுங்கள். பத்து இழைகளில் ஒன்பது அறுந்த ஒயரும் விளக்கு எரியாதபோது 12 வோல்ட்டையே காட்டும். விளக்கை எரியவிட்டு அளந்தால்தான் அதன் வண்டவாளம் வெளிப்படும்.

இதற்கு நான் நேரில் கண்ட எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுகிறேன். மலைச்சரிவிலுள்ள விடுதியொன்றின் வண்டி அது. எட்டு வோல்ட் பேட்டரி ஆறு உடையது. மாலையில் வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு லயன் வீடுகளை நோக்கி மேடேறும்போது எல்லா விளக்கும் அணையும். மேடு தாண்டினால் தானே எரியும். அவ்வழியில் ஆனை இறங்குவதுண்டு. நகரத்துக் கடையொன்றில் குறைப்பி கெட்டது என்று இருமுறை மாற்றி இருமுறையும் பணம் வாங்கியிருந்தார்கள். விளக்கு மட்டும் அணைவதை நிறுத்தவில்லை. ஓட்டுநர் எங்களிடம் வந்து, “தம்பி, நிக்கையிலே எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஏறையிலேதான் கண்ணு போகுது. ஆள ஏத்திக்கிட்டுப் போகவே பயமா இருக்கு” என்றார். “அப்படியானால் ஏறும்போதே பார்ப்போம், அண்ணே” என்றேன்.

நிற்கும்போது அடுக்கு 50.2 வோல்ட் காட்டியது, குற்றமில்லை. மீட்டரின் முட்களை அடுக்கில் பொருத்திவிட்டுப் பகலில் அதே மேட்டில் ஏறினோம். மோட்டார் 120 ஆம்பியர் இழுக்க, அடுக்கு 41.6 வோல்ட்டுக்கு இறங்கியது. அந்தக் குறைப்பியோ 42 வோல்ட்டுக்குக் கீழே தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் வகை. குறைப்பி கெடவில்லை, தன் கடமையைச் செய்தது. பேட்டரிகளைத் தனித்தனியே மேடேறும்போது அளந்தோம். ஒவ்வொன்றும் 7.4; ஆறுக்கும் சேர்த்து 44.4 வரவேண்டும். வந்ததோ 41.6. மீதி 2.8 வோல்ட் எங்கே? மூன்றாவது பேட்டரிக்கும் நான்காவதுக்கும் இடையிலுள்ள கம்பியின் லக்கில் இருந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது அது. தொட முடியாத சூடு. 2.8 வோல்ட்டை 120 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 340 வாட். ஒரு விரல் அகல இடத்தில் அவ்வளவு வெப்பம்! நிற்கும்போது மின்னோட்டம் இல்லை, ஆகவே இழப்பும் இல்லை, சூடும் இல்லை, பழுது ஒளிந்துகொண்டது. விளக்கு அணைவது நோயன்று, நோயின் அறிகுறி. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் அந்த முனை உருகி, இருக்கையின் அடியில் தீயே பிடித்திருக்கலாம். கம்பியை மாற்றி, முனைகளைச் சமையல் சோடா நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவினோம். அதற்கான செலவு, கடையில் இருமுறை கொடுத்ததில் ஒரு சிறு பங்கே. அன்று மாலை அப்பெண்கள் விளக்கொளியில் வீடு சேர்ந்தார்கள்.

மலையும் சமவெளியும்

நம் எல்லைப்பகுதியின் இரு முனைகளும் பேட்டரிக்கு இரு வேறு சோதனைகள். சனவரி இரவுகளில் மூணாற்றில் உறைபனி விழுவதுண்டு. குளிரில் ஈயப் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும். 25 பாகையில் நூறு தருவது 5 பாகையில் ஏறக்குறைய எண்பதே தரும். அங்கே விளக்கு அணைவது பெரும்பாலும் வோல்ட் இறங்குவதால். பாலக்காட்டிலோ கோடையில் வெயில் 40 பாகையைத் தொடும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். நீரும் விரைந்து வற்றும். அங்கே வாரந்தோறும் காய்ச்சி வடித்த நீர் பார்ப்பதே விளக்கைக் காக்கும் வழி. மலையில் லக்கைப் பாருங்கள். சமவெளியில் நீரைப் பாருங்கள்.

கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசலில் 1940 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. மாநிலத்துக்கே மின்னொளி தந்த மலை அது. அம்மலையில் வேலை முடிந்து வீடு திரும்புபவர் இருளில் நடுவழியில் நிற்பது தகுமா? அவ்வண்டிகளைப் பழுது பார்க்கும் அண்ணன்மார் பலர் தமிழ் மட்டும் அறிந்தவர்கள். குறைப்பியோடு வரும் குறிப்புத்தாளோ ஆங்கிலத்தில் இருக்கிறது. கல்லூரியில் நாம் கற்ற ஓம் விதியை அவர்களிடம் தமிழில் கொண்டுசேர்ப்பது நமக்கு இயலாததன்று. விடுமுறையில் ஊர் செல்லும் தோழர்கள் ஒரு மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மின்வழியை ஒரு தாளில் தமிழில் வரைந்து, ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை வோல்ட் வரவேண்டும் என்று எழுதி, இருக்கையின் அடியில் ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்த முறை விளக்கு அணையும்போது அந்தத் தாளே வழி காட்டும்.